வாசகர் கேள்வி பதில்: தத்துவ மாநாட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தத்துவம் எடுத்துப் படிக்கிறார்கள், மாநாட்டில் கட்டுரை வாசிக்க இடமும் கிடைத்திருக்கிறது, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த கடிதங்களைத் தமிழில் சுருக்கிப் போட்டிருக்கிறேன். மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

நான் முதுகலை மாணவி. உபுண்டு என்னும் ஆப்பிரிக்க அறக்கருத்தையும் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதையும் ஒப்பிட்டுக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று நிறுவ நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— மாணவி, ஃபீனிக்ஸ்

வாழ்த்துகள் மகளே. தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் ‘இரண்டும் ஒன்றே’ என்ற முடிவை மட்டும் விட்டுவிடுங்கள். கோயில் விழாவில் அப்படிப் பேசினால் கைதட்டுவார்கள். தத்துவ மாநாட்டில் ‘சரி, ஒன்றுதான், அப்புறம்?’ என்று கேட்பார்கள், அதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

புறநானூற்றின் 192ஆம் பாட்டை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். மேடைக்கு மேடை முதல் வரியை மட்டும் சொல்லிச் சொல்லி மீதி 12 வரியை நாம் மறந்தே போனோம். கணியன் பூங்குன்றனார் அந்தப் பாட்டில் ஒரு வாதத்தையே நடத்துகிறார். தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை, சாவு ஒன்றும் புதிதில்லை, வாழ்வு இனிது என்று துள்ளவும் இல்லை, கசந்தால் வெறுக்கவும் இல்லை, பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் தெப்பம் நீரோடு போவதுபோல் உயிரும் அதற்குரிய முறைவழியே போகிறது என்று அறிந்தவர்கள் சொல்லித் தெளிந்துவிட்டோம், அதனால் பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. கடைசியில் வரும் முடிவுக்குக் காரணம் நடுவில் இருக்கிறது பாருங்கள். யாரும் தன் உயரத்தைத் தானே முழுக்க உண்டாக்கிக்கொண்டவரில்லை, ஆகவே தாழ்ந்தவரை இகழ எவருக்கும் நியாயமில்லை. வாதம் இதுதான்.

உபுண்டு பக்கம் வந்தால் காரணமே வேறு. ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு’, ஒருவர் மற்றவர்களால்தான் மனிதராகிறார். நைஜீரியாவைச் சேர்ந்த இஃபெயானி மென்கிட்டி 1984ல் எழுதிய கட்டுரையில் இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார்: ‘ஆள்’ என்ற தகுதி பிறந்ததுமே கிடைத்துவிடுவதில்லை, சமூகத்துக்குள் வாழ்ந்து அடைய வேண்டியது, அடையாமல் போகிறவர்களும் உண்டு. அப்படியானால் தனி மனிதருக்கென்று என்ன மிஞ்சும் என்று கானாவின் குவாமே ஜெக்கே மறுத்தார். நம் நாட்டில் மொகோபே ரமோசே 1999ல் உபுண்டுவையே அடித்தளமாக வைத்து ஒரு நூல் எழுதினார். தாடியஸ் மெட்ஸ் 2007ல், மனிதருக்குள் இணக்கத்தை வளர்க்கும் செயல் சரி, பிளவை உண்டாக்கும் செயல் தவறு என்று அதை ஓர் அறநெறிக் கொள்கையாகவே வடிக்கப் பார்த்தார். இவர்களையெல்லாம் படித்திருப்பீர்கள்.

இப்போது பூங்குன்றனாரின் இரண்டாம் வரியை இந்தப் பக்கம் கொண்டுவந்து வையுங்கள். நன்மை தீமை பிறர் தந்து வராது என்கிறார் அவர். மனிதத்தன்மையே பிறரால்தான் வருகிறது என்கிறது உபுண்டு. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன! ஆனாலும் எளியவரை இகழாதே என்ற ஒரே இடத்தில் இரண்டும் வந்து நிற்கின்றன. எந்தக் காரணம் அந்த முடிவை நன்றாகத் தாங்குகிறது? ஆளாக இன்னும் ‘ஆகாத’ ஒருவரை இகழலாமா என்று மென்கிட்டியைக் கேட்டால் தடுமாறுவார் என்று எனக்குத் தோன்றுகிறது, பூங்குன்றனார் தடுமாற மாட்டார். எல்லாம் முறைவழிப்படி என்றால் கொடுமை செய்தவரைக் குற்றம் சொல்வது எப்படி என்று கேட்டால் பூங்குன்றனார் தடுமாறுவார், உபுண்டுவுக்கு அங்கே சுலபமான பதில் உண்டு. உங்கள் கட்டுரை இங்கேதான் இருக்கிறது. இதில் ஒரு பக்கம் எடுங்கள், இரண்டு பக்கமும் நல்லது என்று முடிக்காதீர்கள்.

இன்னொன்று. நன்மை தீமை நம்மிடமிருந்தே வருகிறது என்று இரண்டாம் வரியும், உயிர் நீரோட்டத்தோடு போகிறது என்று பின்வரிகளும் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று யாராவது கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கு ஒரு பத்தி எழுதிக் கையில் வைத்திருங்கள், பேச்சில் சேர்க்க வேண்டாம்.

எழுதியதைப் பார்த்து வாசிப்பது அநாகரிகமா? ஸ்லைடு எத்தனை போடலாம்?
— மாணவர், சாட்ஸ்வர்த்

வேறு துறைகளில் பார்த்து வாசித்தால் முகம் சுளிப்பார்கள். தத்துவத்தில் அது பழைய வழக்கம், இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் வாதத்தில் ஒரு சொல் மாறினால் வாதமே மாறிவிடும். வாசியுங்கள் தம்பி, ஆனால் காதுக்கென்று தனியாக எழுதி வாசியுங்கள். ஆய்வேட்டின் அத்தியாயத்தை அப்படியே எடுத்துப்போனால் யாருக்கும் ஏறாது. ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 120, 130 சொல் போகும், 20 நிமிடத்துக்கு 2,500 சொல்லைத் தாண்டக்கூடாது. 6,000 சொல் கட்டுரையை வேகமாக வாசித்து முடித்துவிடலாம் என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பாதியில் அமர்வுத் தலைவர் ‘இரண்டு நிமிடம்’ என்று சீட்டு காட்டுவார், அந்த இடத்தில் பிள்ளை இன்னும் முன்னுரையில்தான் நிற்கும், முகம் வெளிறிப்போகும், முக்கியமான வாதம் வெளியே வராமலே போய்விடும். வீட்டில் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், மனதுக்குள் வாசிப்பது கணக்கில் சேராது.

ஸ்லைடைவிட ஒரு பக்கக் கைத்தாள் மேல். வாதத்தின் படிகளை எண் போட்டு அதில் அச்சடித்துக் கொடுங்கள். கேட்பவர் ‘உங்கள் மூன்றாவது படி’ என்று விரல் வைத்துக் கேட்கலாம், சுற்றி வளைக்க வேண்டியதில்லை. மேற்கோள் நீளமாக இருந்தால் அதையும் தாளிலேயே போடுங்கள். மின்சாரம் போனாலும் தாள் இருக்கும், நம் நாட்டில் அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

கேள்வி நேரத்தை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பெரிய பேராசிரியர் எழுந்து என் வாதத்தை உடைத்துவிட்டால்?
— பெயர் வேண்டாம், டோங்காட்

உடைக்கட்டும் தம்பி. அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்! கட்டுரையை அச்சில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். 30 பேர் ஒரே அறையில் உட்கார்ந்து உங்கள் ஒரு வாதத்தையே யோசிப்பது மாநாட்டில் மட்டும்தான் நடக்கும், அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான கூலி.

நம் மரபு இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதும்போது தன் கொள்கையை முதலில் வைக்கவில்லை. பரபக்கம் என்று முழுதாக ஒரு பகுதி, உலகாயதர், பௌத்தர், சமணர், மீமாம்சகர், மாயாவாதி என்று பதினான்கு மதத்தார் சொல்வதை வரிசையாக எடுத்து வைத்து ஒவ்வொன்றுக்கும் மறுப்பு சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் சுபக்கத்தில் தன் கட்சிக்கு வருகிறார். எதிராளி இவ்வளவு தெளிவாகத் தன் கட்சியைத் தானே சொல்லியிருப்பாரா என்று தோன்றும் இடங்கள் அதில் உண்டு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களுக்கு எதிரான வாதங்களில் எது மிகவும் பலமானதோ அதை நீங்களே பேச்சில் எடுத்துச் சொல்லிவிடுங்கள், பலவீனமானதைத் தேர்ந்தெடுத்து வீழ்த்தினால் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அறைக்குள் நடக்கும் வழக்கங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பல தத்துவ மாநாடுகளில் புதுக் கேள்வி கேட்பவர் கையைத் தூக்குவார், இப்போது போய்க்கொண்டிருக்கும் கேள்வியையே தொடர நினைப்பவர் ஒரு விரலைத் தூக்குவார், தலைவர் விரலுக்கு முதலிடம் கொடுப்பார். முதல் தடவை பார்ப்பவருக்கு இது விளங்காது. கேள்வி வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதும் அந்த நேரத்தில் மூச்சும் நிதானமாகும். பிறகு ‘நீங்கள் கேட்பது இதுதானே’ என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், பாதிக் கேள்வி அங்கேயே தெளிந்துவிடும். பதில் தெரியாவிட்டால் ‘இது என் மூன்றாவது படியைத் தொடுகிறது, இப்போது என்னிடம் பதில் இல்லை, யோசிக்கிறேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள். தத்துவக்காரர்கள் அதை மதிப்பார்கள். சுற்றிச் சுற்றிப் பேசி மழுப்பினால்தான் விடமாட்டார்கள்.

மரியாதையில்லாமல் பேசுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மாணவர் என்று தெரிந்தும் ஏளனமாகப் பேசுவது கேவலம், அதைத் தடுப்பது தலைவரின் கடமை. தடுக்கவில்லையென்றால் பிறகு உங்கள் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், மனதுக்குள் போட்டுப் புதைக்காதீர்கள்.

என் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் தத்துவ மாநாட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். பஸ், தங்குமிடம், பதிவுக் கட்டணம் என்று செலவு போகிறது. இவள் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்றே எங்களுக்குப் புரியவில்லை. இதற்கு மேல் மாநாடு வேறா?
— ஒரு தாய், மெர்பேங்க்

அம்மா, முதலில் காசு. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. துறையில் பயண உதவித்தொகை உண்டா, வழிகாட்டியின் ஆய்வு நிதியில் இடம் இருக்கிறதா என்று மகள் எழுத்தில் கேட்கட்டும், ஏற்பாட்டாளர்களிடமும் கேட்கட்டும். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். கடைசி வாரத்தில் கேட்டால் பணம் இருந்தாலும் கிடைக்காது. ஜோகன்னஸ்பர்க்கில் சொந்தக்காரர் வீடு இருந்தால் செலவில் பாதி குறைந்துவிடும், அங்கே இந்தியர் நிறைய வாழும் லெனேசியாவில் உறவு இல்லாத டர்பன் குடும்பம் குறைவுதானே.

வேலை என்றால், சட்டம் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆய்வு நெறிமுறைக் குழுக்கள், அரசுக் கொள்கை வேலை, பத்திரிகை, ஆசிரியப் பணி என்று போனவர்களும் இருக்கிறார்கள். கணக்காளர் படிப்பு மாதிரி நேர்வழி இல்லை, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ‘மாநாடு வேறா’ என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ரிக் டர்னர் என்று ஒருவர் நம் டர்பனில் இருந்தார். பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர், 1970 முதல் நேட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள் மணிக்கணக்காக அவரோடு விவாதிப்பார்கள், கறுப்பு விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோவும் அவரோடு பேசியவர்தான். 1973ல், டர்பன் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த அதே வருஷம், நிறவெறி அரசு அவர்மேல் ஐந்து வருஷத் தடை போட்டது. தடை என்றால் என்ன? பாடம் நடத்தக்கூடாது, கூட்டத்தில் கலந்துகொள்ளக்கூடாது, எழுதியதை வெளியிடக்கூடாது. அதாவது உங்கள் மகள் எதைச் செய்யப் பஸ் காசு கேட்கிறாளோ அதையே. தடை முடிய இன்னும் சில வாரம் இருக்கையில், 1978 ஜனவரி 8 அன்று, பெல்லேரில் இருந்த வீட்டு ஜன்னல் வழியாக யாரோ அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 36 வயது. அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மாணவர் கூட்டத்துக்குப் போவதும் அப்போது லேசாக இருக்கவில்லை. 1967ல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசிய மாணவர் மாநாட்டில் கறுப்பின மாணவர்கள் வளாக விடுதியில் தங்கக்கூடாது என்றார்கள். டர்பனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிகோ அந்த மாநாட்டில் இருந்தார், அந்த அவமானம்தான் அவரைத் தனி மாணவர் அமைப்பு தொடங்கும் வழியில் கொண்டுபோனது. நம் பிள்ளைகளுக்கும் 1961ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் ‘இந்தியருக்கு’ என்று ஒரு கல்லூரியை ஒதுக்கித்தான் கொடுத்தார்கள். இன்றைக்கு மெர்பேங்க் பெண் ஒருத்தி தன் வாதத்தைத் தானே எழுதி, எந்த வளாகத்துக்கும் போய், எந்தப் பேராசிரியருக்கும் முன்னால் நின்று சொல்லலாம். அனுப்பிவையுங்கள் அம்மா.

வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து என்னைப் பாராட்டி மின்னஞ்சல் வந்தது, ‘புகழ்பெற்ற ஆய்வாளரே’ என்று. கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். கட்டணம் டாலரில்.
— மாணவர், லெனேசியா

கட்டாதீர்கள். நல்ல மாநாடு கட்டுரைச் சுருக்கத்தை யாரிடமாவது பெயர் மறைத்துக் கொடுத்துப் படிக்க வைக்கும், அதற்கு வாரங்கள் ஆகும். தத்துவம், பொறியியல், பல் மருத்துவம் எல்லாம் ஒரே மண்டபத்தில் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கேயே தெற்கு ஆப்பிரிக்கத் தத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாடு இருக்கிறது, துறைகள் நடத்தும் முதுகலை மாணவர் மாநாடுகளும் இருக்கின்றன. முதலில் அவற்றில் ஒன்றுக்கு அனுப்புங்கள்.

சைவ சித்தாந்தத்தில் கட்டுரை எழுத ஆசை. ‘அது சமயம், தத்துவம் ஆகாது’ என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். விட்டுவிடவா?
— மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

விடாதீர்கள். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்றும் யோசியுங்கள், ஏனென்றால் நாமே அதை வெளியே சமயமாக மட்டும்தான் காட்டியிருக்கிறோம். டர்பனில் 1937லிருந்து சைவ சித்தாந்த சங்கம் இருக்கிறது, தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகளில் மெய்கண்டாரின் சிவஞான போதத்தில் ஒரு சூத்திரத்தையாவது வாதமாகப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

மூன்றாம் சூத்திரத்தை எடுங்கள். உடம்புக்குள் உடம்பு அல்லாத ஓர் ஆன்மா உண்டு என்று காட்ட 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் காரணங்களை அடுக்குகிறார். அதில் ஒன்று, ‘எனது உடல்’ என்று சொல்கிறோமே, அப்படியானால் உடலை உடையவன் உடலிலிருந்து வேறாகத்தானே இருக்க வேண்டும் என்பது. இதை மட்டும் வைத்து 20 நிமிடம் பேசலாம்! உடனே வரும் எதிர்வாதம், ‘என் உயிர்’ என்றும்தானே சொல்கிறோம், அப்போது உயிரும் நானல்லாத வேறொன்றா என்பது. பேச்சு வழக்கை வைத்து இருப்பதை நிறுவ முடியுமா? முடியாது என்றால், அதே சூத்திரத்தில் உறக்கத்தையும் புலன் ஒடுங்குவதையும் வைத்து அவர் சொல்லும் மற்ற காரணங்கள் தனியே நிற்குமா? இப்படிப் போனால் உடல் வேறு மனம் வேறு என்று 1641ல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்து எழுதியதோடு ஒரே மேசையில் வைத்துப் பேசலாம், அந்தப் பேராசிரியரும் உட்கார்ந்து கேட்பார்.

பெனின் நாட்டு பவுலின் ஹூண்டொஞ்சி 1970களில் ஆப்பிரிக்கத் தத்துவத்தைப் பற்றி ஒரு கடுமையான விமர்சனம் வைத்தார். ஒரு சமூகம் மொத்தமும் நம்புவதைத் தொகுத்து வைத்து அதைத் தத்துவம் என்று சொல்லாதீர்கள், பெயர் உள்ள ஒருவர் வாதம் செய்து இன்னொருவர் மறுத்திருக்க வேண்டும் என்றார். ‘தமிழர் நம்பிக்கை இது’ என்று நீங்கள் எழுதினால் அவருடைய விமர்சனத்தில் மாட்டுவீர்கள். ‘மெய்கண்டார் இப்படி வாதிட்டார், அது இந்த இடத்தில் நிற்கவில்லை’ என்று எழுதினால் மாட்ட மாட்டீர்கள். மெய்கண்டார் மேல் எவ்வளவு பக்தி இருந்தாலும் சரி, அவரை மறுக்கத் துணிந்தால்தான் அவரைத் தத்துவவாதியாக மதிக்கிறீர்கள்.

புடவை கட்டிக்கொண்டு போகலாமா?
— மாணவி, ஐசிப்பிங்கோ

தாராளமாக. ஒலிவாங்கியைக் குத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் முதலாம் ஆண்டு. கட்டுரை வாசிக்கவில்லை, கேட்கத்தான் போகிறேன். கேள்வி கேட்க ஆசை, பயமாகவும் இருக்கிறது.
— மாணவி, ஃபீனிக்ஸ்

மணிமேகலையில் 27ஆம் காதையைப் படித்துப் பாருங்கள் மகளே. வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவர் கொள்கையை முழுதாகக் கேட்கிறாள், இடையில் புகுந்து பேசுவதில்லை. பூதவாதி வருகிறான். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை, ஊகித்து அறிவதெல்லாம் செல்லாது என்கிறான். அவள் சிரித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? அவ்வளவுதான். தன்னைப் பற்றிப் பேசவில்லை, தான் படித்ததை அடுக்கவில்லை, அவன் சொன்ன ஒன்றையே எடுத்து அவனிடமே திருப்பிவிட்டாள்.

மூத்தவர்கள் பலர் கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் உரையாற்றுவார்கள், அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். பேச்சு நடக்கும்போதே உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள், ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், அப்படியானால் இது எப்படி?’ என்ற அளவில் இருந்தால் போதும். தலைவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து, பேச்சு முடிந்ததும் தயங்காமல் கையைத் தூக்குங்கள், பட்டியல் சீக்கிரம் நிறைந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் தேநீர் இடைவேளையில் பேசியவரிடமே போய்க் கேளுங்கள். அவருக்கு அது மிகவும் சந்தோஷமாக இருக்கும், முதலாம் ஆண்டு என்று சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவார்.